சுவர் முதலா, பாய்லர் முதலா? இங்கிலாந்தின் கவுன்சில் வீடுகளுக்கு முன்னுள்ள வழிகள்

இங்கிலாந்தில் சுமார் 40 லட்சம் குடும்பங்கள் உள்ளாட்சி மன்றங்களான கவுன்சில்களுக்கோ வீட்டுவசதிச் சங்கங்களுக்கோ சொந்தமான வாடகை வீடுகளில் வாழ்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைச் சூடாக்குவது கேஸ் பாய்லர். பாய்லரின் ஆயுள் பத்துப் பதினைந்து ஆண்டுகள்தான் என்பதால், எங்கோ ஒரு குடியிருப்பில் பழைய பாய்லர்களைக் கழற்ற வேண்டிய வேளை எப்போதும் வந்துகொண்டே இருக்கிறது. அப்போது அதே மாதிரி இன்னொரு பாய்லரை மாட்டுவதா, மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்புக்கு மாறுவதா, எதைச் செய்வதாயினும் அதற்கு முன் சுவருக்கும் கூரைக்கு அடியிலுள்ள பரணுக்கும் வெப்பக்காப்பு போட்டுவிடுவதா என்று வீட்டுவசதித் துறை முடிவு செய்தாக வேண்டும். இதற்கான அரசு மானியத்தின் மூன்றாம் சுற்றில் 2025 முதல் 2028 வரை சுமார் 129 கோடி பவுண்ட் ஒதுக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு உரிமையுள்ள அமைப்பும் தன் பங்குப் பணத்தைப் போட வேண்டும்.

சொந்த வீட்டுக்காரர் ஒருவர் இதே முடிவை எடுக்கும்போது, கருவியைத் தேர்ந்தெடுப்பவரும் அதன் பில்லைக் கட்டுபவரும் ஒருவரே. கவுன்சில் வீட்டில் அப்படியில்லை. தேர்ந்தெடுப்பது கவுன்சில், அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மீட்டருக்குப் பணம் போடுவது வாடகைதாரர். வழிகளை ஒப்பிடும்போது கரிம உமிழ்வின் குறைப்பையோ வீட்டின் எரிசக்திச் சான்றிதழில் வரும் தர எழுத்தையோ முதல் அளவுகோலாக வைப்பது இதனால்தான் தவறாகிறது என்று கருதுகிறேன். வாடகைதாரரின் குளிர்கால பில் முதல் அளவுகோலாகவும், வீட்டின் ஈரமும் பூஞ்சையும் இரண்டாவதாகவும் இருக்க வேண்டும். கரிமக் குறைப்பில் மின்சார வழிகள் எல்லாமே கேஸ் பாய்லரை முந்திவிடுவதால், அவற்றுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அந்த அளவுகோல் அதிகம் உதவுவதில்லை.

பில்லின் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். எரிசக்திச் சந்தையைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெம் அமைப்பு வீடுகளுக்கு விதித்த, 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான உச்சவரம்பு விலையில் ஒரு யூனிட் (கிலோவாட்-மணி) மின்சாரம் 26.35 பென்ஸ், ஒரு யூனிட் எரிவாயு 6.29 பென்ஸ், மின்சாரம் நான்கு மடங்குக்கும் மேல். ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 10,000 யூனிட் வெப்பம் தேவை என்று வைத்துக்கொள்வோம். 88 சதவீதத் திறனுள்ள பாய்லர் இதற்கு எரிக்கும் எரிவாயுவின் விலை சுமார் 715 பவுண்ட். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் நாளொன்றுக்கு 34 பென்ஸ் வீதம் விழும் எரிவாயு நிலைக் கட்டணத்தையும் சேர்த்தால் 840 பவுண்டை ஒட்டி வரும். இதே வெப்பத்தைச் சாதாரண மின் ஹீட்டரில் பெற்றால் 2,635 பவுண்ட். ஹீட் பம்ப் வெளிக்காற்றிலோ மண்ணிலோ உள்ள வெப்பத்தை இழுத்து உள்ளே தள்ளுவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட யூனிட் வெப்பம் தருகிறது. அரசு நிதியில் 742 வீடுகளில் நடந்த செயல்முறைச் சோதனையில் காற்றிலிருந்து வெப்பமெடுக்கும் பம்புகளின் ஆண்டுச் சராசரி ஒன்றுக்குச் சுமார் 2.8 ஆக இருந்தது. அந்தத் திறனில் பில் 940 பவுண்ட். நன்றாக வடிவமைத்து 3.5 எட்டினால் 750 பவுண்ட்.

ஆக, சுமாராகப் பொருத்திய ஹீட் பம்ப் வாடகைதாரருக்கு நூறு பவுண்ட் நட்டத்தைத் தருகிறது, நன்றாகப் பொருத்தியது ஏறக்குறைய அதே அளவு மிச்சத்தைத் தருகிறது. வெப்பக்காப்பினால் அதே வீட்டின் தேவை 6,000 யூனிட்டாகக் குறைந்தால் பாய்லர் வீட்டின் செலவு நிலைக் கட்டணத்துடன் சுமார் 553 பவுண்ட், 2.8 திறனுள்ள பம்பின் செலவு 565. இடைவெளி மறைந்துவிடுகிறது. காப்பிட்ட வீட்டுக்கு ரேடியேட்டரில் ஓடும் நீர் அவ்வளவு சூடாக இருக்கத் தேவையில்லை என்பதால், பம்பின் திறனும் தானாகவே உயரும். காப்பும் பம்பும் போட்டியிடும் இரண்டு வழிகள் அல்ல என்பதற்கு இந்தக் கணக்கே போதும். 2025 நவம்பர் பட்ஜெட், மின்சார பில்லில் ஏற்றியிருந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் செலவின் பெரும்பகுதியை வரிப்பணத்துக்கு மாற்ற முடிவெடுத்திருப்பதும் தராசைப் பம்பின் பக்கம் சாய்க்கும்.

இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. எரிவாயுவின் நிலைக் கட்டணம் மிச்சமாக வேண்டுமானால் எரிவாயு இணைப்பையே துண்டிக்க வேண்டும். அடுப்பும் மின்சாரத்துக்கு மாற வேண்டும். லண்டனின் ஈஸ்ட்ஹாமிலோ ஹாரோவிலோ உள்ள தமிழ்க் குடும்பத்துக்கு இது சிறிய விஷயமல்ல. அடி உருண்ட இரும்புச் சட்டி இண்டக்‌ஷன் அடுப்பில் நிற்காது, அலுமினியக் குக்கர் சூடேறாது. அடுப்போடு பாத்திரத்துக்கும் ஒரு தொகையை ஒதுக்காத கவுன்சில், கேஸ் அடுப்பை மட்டும் விட்டுவைத்து இரண்டு நிலைக் கட்டணங்களையும் வாடகைதாரர் தலையில் சுமத்திவிடுகிறது.

காப்பு வேலைகளில் சிலவற்றுக்கு ஒப்பீடே வேண்டியதில்லை. பரணில் 270 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கம்பளிக் காப்பை விரிப்பது, நடுவே இடைவெளியுள்ள இரட்டைச் சுவர்களில் அந்த இடைவெளியை நிரப்புவது, கதவு ஜன்னல் ஓட்டைகளை அடைப்பது ஆகியவை மலிவானவை, ஓரிரு நாளில் முடிபவை. சுவர் காய்ந்திருக்கிறதா, சாரல் மழை நேரே அறையும் பக்கமா என்று பார்த்துவிட்டுச் செய்ய வேண்டியவை. சிக்கல் இடைவெளியற்ற முழுச்சுவர் வீடுகளில் தொடங்குகிறது. 1920களுக்கு முன் கட்டிய செங்கல் வரிசை வீடுகளும், போருக்குப் பின் அவசரமாக எழுப்பிய கான்கிரீட் வீடுகளும் இந்த வகை. இவற்றுக்கு வெளிப்புறமாகப் பலகை ஒட்டிப் பூசலாம், அல்லது உட்புறமாகக் காப்பிடலாம். உட்புறம் செய்தால் ஏற்கெனவே குறுகிய அறை இன்னும் குறுகும். குடும்பம் இருக்கும்போதே அறை அறையாகக் காலிசெய்து வேலை செய்ய வேண்டியிருக்கும். ஆகவே கவுன்சில்கள் இயல்பாகவே வெளிச்சுவர்க் காப்பின் பக்கம் சாய்கின்றன.

வெளிச்சுவர்க் காப்பு சரியாகச் செய்தால் மிக நல்லது. தவறாகச் செய்தால் செய்யாமலிருந்ததே மேல் என்று ஆகிவிடும். சுவர் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தடிக்கும்போது, அதுவரை சுவரைத் தாண்டி நீண்டிருந்த கூரையின் விளிம்பு இப்போது சுவரின் தலையை மூடுவதில்லை. கூரையை நீட்டாமல் மெல்லிய தகரப் பட்டை ஒன்றை மட்டும் வைத்து முடித்தால் மழைநீர் பலகைக்குப் பின்னால் இறங்கும். வெளியேற வழியின்றி உட்சுவரில் கறையாக வந்து நிற்கும். எரிவாயு மீட்டர்ப் பெட்டியையும் வடிகால் குழாயையும் நகர்த்தாமல் பலகையை அவற்றைச் சுற்றி வெட்டி ஒட்டினால், அந்தத் துண்டுச் சுவர் மட்டும் குளிர்ந்து, அதன் உட்புறத்தில் கட்டிலுக்குப் பின்னாலோ அலமாரிக்குப் பின்னாலோ பூஞ்சை பிடிக்கும். பிரெஸ்டன் நகரின் ஃபிஷ்விக் பகுதியில் 2013 வாக்கில் அரசுத் திட்டம் ஒன்றின் கீழ் காப்பிடப்பட்ட நூற்றுக்கணக்கான வீடுகளில் நடந்தது இதுதான்.

அத்தகைய தோல்விகளுக்குப் பிறகு 2019இல் பாஸ் 2035 என்ற செயல்தரம் வந்தது. ஒவ்வொரு வீட்டையும் முழுமையாக ஆராய்ந்து வேலையை ஒருங்கிணைக்க ஒருவர் இருக்க வேண்டும் என்று அது வரையறுத்தது. தரம் தாளில் இருந்தது, சுவரில் இல்லை. 2025 அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையின்படி, ஈகோ4 உள்ளிட்ட இரு அரசுக் காப்புத் திட்டங்களில் வெளிச்சுவர்க் காப்பு போடப்பட்ட வீடுகளில் 98 சதவீதத்தில் திருத்தியாக வேண்டிய பெரும் குறைகள் இருந்தன. உட்சுவர்க் காப்பில் அது 29 சதவீதம். அவை பெரும்பாலும் தனியார் வீடுகளுக்குச் சென்ற திட்டங்கள்தாம். ஆனால் கவுன்சில் அழைக்கப்போகும் ஒப்பந்தக்காரர்களும் அதே சந்தையிலிருந்தே வருகிறார்கள். கவுன்சிலுக்கு உள்ள ஒரே சாதகம், நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு ஒரே ஒப்பந்தம் போடுவதால் சாரத்தின் மீது ஏறி ஒவ்வொரு ஜன்னல் ஓரத்தையும் பார்க்கும் மேற்பார்வையாளரைத் தன் சம்பளத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்பது. அந்தச் சம்பளத்தை மிச்சம் பிடிக்க நினைக்கும் கவுன்சில் வெளிச்சுவர்க் காப்பில் இறங்காமலிருப்பது நல்லது.

உயர்ந்த கட்டடங்களில் இன்னொரு கேள்வியும் சேர்கிறது. லண்டனின் கிரென்ஃபெல் டவரை 2016இல் முடிந்த சீரமைப்பில் காப்பிட்டு மூடிய வெளியுறைதான் 2017 ஜூன் 14 அன்று தீயைக் கட்டடம் முழுவதும் கொண்டுசென்றது. 72 பேர் இறந்தார்கள். 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியக்கூடிய பொருட்களுக்கு 2018 டிசம்பரில் தடை வந்தது. கனிமக் கம்பளி எரியாது. அதே காப்புக்கு நுரைப் பலகையைவிடத் தடிமன் கூடுதலாக வேண்டும், செலவும் கூடும். இங்கே பேரத்துக்கு இடமில்லை.

காப்போடு சேர்த்தே பேச வேண்டியது காற்றோட்டம். ராச்டேலில் 2020 டிசம்பரில் இறந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக்கின் மரணத்துக்கு வீட்டிலிருந்த பூஞ்சையே காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2022இல் முடிவு கூறினார். அதன்பின் வந்த 'அவாப் சட்டம்' 2025 அக்டோபர் முதல், ஈரமும் பூஞ்சையும் உள்ள சமூக வீடுகளைக் குறிப்பிட்ட கெடுவுக்குள் ஆராய்ந்து சரிசெய்யச் சொல்கிறது. இடுக்குகளை அடைத்துக் காப்பிட்ட வீட்டில் சமையல் ஆவியும் துணி உலர்த்தும் ஈரமும் வெளியேற வேறு வழி தேவை. சமையலறையிலும் குளியலறையிலும் இடைவிடாது மெதுவாக ஓடும் விசிறிகளே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். ஆனால் மின்சாரம் ஓடுகிறதே என்று வாடகைதாரர்கள் அவற்றை அணைத்துவிடுகிறார்கள். 5 வாட் விசிறி ஒன்று ஆண்டு முழுவதும் ஓடினால் 44 யூனிட், அதாவது சுமார் 12 பவுண்ட் என்பதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

இனி வெப்பக் கருவிகள். தனி வீடுகளுக்கும் இரட்டை வீடுகளுக்கும் காற்றிலிருந்து வெப்பமெடுக்கும் பம்புதான் நடைமுறை வழி என்பதில் எனக்கு ஐயம் இல்லை. மேற்சொன்ன 742 வீடுகளின் சோதனையும், பம்பு பொருந்தாத வீட்டு வகை என்று எதுவும் இல்லை என்றே காட்டியது. வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவை சின்ன விஷயங்கள். பாய்லர் 65, 70 டிகிரி நீரைக் கொஞ்ச நேரம் பாய்ச்சி அறையைச் சூடாக்கிவிட்டு நிற்கும். பம்பு 45 டிகிரி நீரை நாள் முழுவதும் மெதுவாக ஓட்டினால்தான் சிக்கனம். அதற்குச் சில அறைகளில் பெரிய ரேடியேட்டர் வேண்டும். முன்பணம் போடும் மீட்டரில் பத்துப் பவுண்ட் டாப்-அப் செய்து, மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் ஹீட்டிங்கைப் போட்டுப் பழகிய குடும்பம், பம்பையும் அப்படியே போட்டு அணைத்தால் வீடும் சூடாகாது, பணமும் கரையும். சுடுநீருக்கென 150 லிட்டருக்குக் குறையாத தொட்டி ஒன்றும் வேண்டும். தொட்டி தேவைப்படாத சின்ன பாய்லருக்கு மாறியபோது வீட்டுக்குக் கிடைத்த அலமாரி, அரிசி மூட்டையும் சூட்கேஸுமாக நிறைந்திருப்பது, இப்போது திரும்பப் பறிபோகும். கருத்துக்கேட்புக் கூட்டங்களில் கரிமத்தைவிட இந்த அலமாரிக்காகவே அதிகம் சண்டை நடக்கும் என்பதில் ஆச்சரியமில்லை.

மாடிக் கட்டடங்களில் போட்டி இரண்டு வழிகளுக்கு இடையே. ஒன்று, கட்டடத்துக்கு அருகே ஆழ்துளைகள் போட்டு, 10 டிகிரியை ஒட்டி ஆண்டு முழுவதும் நிலையாக இருக்கும் மண்ணின் வெப்பத்தைக் குழாய் வளையம் ஒன்றின் மூலம் எல்லா வீடுகளுக்கும் கொண்டுபோய், ஒவ்வொரு வீட்டிலும் சிறிய பம்பு ஒன்றை வைப்பது. வடக்கு லண்டனின் என்ஃபீல்டு கவுன்சில் எட்டு உயர்மாடிக் கட்டடங்களில் 402 வீடுகளுக்கு இப்படிச் செய்து பழைய மின் ஹீட்டர்களை எடுத்தது. மற்றது, மைய நிலையம் ஒன்றில் வெப்பத்தை உண்டாக்கிச் சுடுநீராகக் கட்டடம் கட்டடமாக அனுப்பும் வெப்ப வலையமைப்பு. லண்டனின் பிம்லிகோவில் 1950 முதல் இது இருக்கிறது. பாட்டர்சீ மின்நிலையத்தின் கழிவு வெப்பம் தேம்ஸுக்கு அடியில் குழாயில் வந்தது. அதே நகரின் இஸ்லிங்டன் கவுன்சில் பன்ஹில் பகுதியில் 2020 முதல் சுரங்க ரயில் பாதையின் காற்றுக் குழாயிலிருந்து வெப்பத்தை எடுத்து வீடுகளுக்கும் பள்ளிக்கும் அனுப்புகிறது.

இரண்டாவது வழி கேட்பதற்கு அழகாக இருக்கிறது, அத்தகைய வெப்ப மூலம் அருகில் கிடைத்தால் அதை விடக்கூடாது. ஆனால் வாடகைதாரரின் கையிலிருந்து பார்த்தால் முதல் வழிக்கே என் ஓட்டு. வளையம் பொதுவானது, பம்பும் மீட்டரும் அவரவருடையவை; மின்சார நிறுவனத்தை மாற்றும் உரிமை வாடகைதாரரிடமே இருக்கும், உச்சவரம்பு விலையும் பொருந்தும். வலையமைப்பில் விற்பவர் ஒருவரே. 2022இல் எரிவாயு விலை ஏறியபோது பொது பாய்லர்களை நம்பியிருந்த கட்டடங்களுக்கு வீட்டு உச்சவரம்பு பொருந்தவில்லை. வணிக விலையில் வாங்கிய எரிவாயுவின் சுமை அப்படியே குடியிருப்பவர்மேல் இறங்கியது. 2026 ஜனவரி முதல் வெப்ப வலையமைப்புகள் ஆஃப்ஜெமின் கண்காணிப்புக்குள் வருகின்றன என்றாலும், மின்சாரத்துக்கு உள்ளது போன்ற ஒற்றை உச்சவரம்பு அங்கே இல்லை. இடைவிடாது சுடுநீர் ஓடும் குழாய்களால் கோடையில் நடைபாதைகள் வெந்து கிடப்பது தனிக் கதை.

மின் ஹீட்டரும் இரவு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் ஹீட்டரும் பொருத்த மிக மலிவானவை. ஒப்பந்தப் புள்ளியில் எப்போதும் முதலிடம் பிடிப்பவை. சாதாரண மின் ஹீட்டருக்கு முன்பு போட்ட கணக்கின் 2,635 பவுண்ட் அதன் மறுபக்கம். ஒற்றை அறைக் குடியிருப்பில், அதுவும் வெப்பத் தேவை மிகக் குறைவாக இருந்தால் மட்டுமே இதை ஏற்கலாம். எரிவாயுவுக்குப் பதில் ஹைட்ரஜனை எரிக்கும் பாய்லருக்காகக் காத்திருக்கலாம் என்ற வாதத்தைச் சில ஆண்டுகளுக்கு முன்வரை கேட்க முடிந்தது. விட்பி, ரெட்கார் ஆகிய இரு சோதனைத் திட்டங்களும் 2023இல் கைவிடப்பட்டபின் அதற்கு வலுவில்லை.

மறுகோடியில் இருப்பது முழு வீட்டையும் ஒரே மூச்சில் மாற்றும் ஆழ்ந்த சீரமைப்பு. போர்ட்ஸ்மத்தின் வில்ம்கோட் ஹவுஸ் 1968இல் கட்டிய பதினொரு மாடிக் கான்கிரீட் குடியிருப்பு. மின் ஹீட்டரைப் போடக் கட்டுப்படியாகாமல் பலர் குளிரிலேயே இருந்தார்கள். கவுன்சில் அதை இடிக்காமல், குடியிருப்பவர்களை வெளியேற்றாமல், எனர்ஃபிட் என்ற கடுமையான தரத்தை இலக்காக வைத்துக் கட்டடத்தை முழுதாகப் போர்த்தியது. திறந்திருந்த நடைபாதைகளையும் போர்வைக்குள் சேர்த்துக்கொண்டது. சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 25 யூனிட் வெப்பம் என்ற அந்தத் தரத்தை எட்டும் வீட்டில், என்ன ஹீட்டர் என்ற கேள்வியே சிறிதாகிவிடுகிறது. குடியிருப்பவர்களைப் பொறுத்தவரை அதற்கான விலை, ஆண்டுக்கணக்கில் சாரத்துக்கும் துளையிடும் சத்தத்துக்கும் நடுவே வாழ்ந்தது.

இதையே தொழிற்சாலையில் செய்த பலகைகளால் சில நாளில் முடிக்கலாம் என்று நெதர்லாந்தின் எனர்ஜிஸ்பிராங் முறை சொன்னது. அங்கே 2013இல் 1,11,000 வீடுகள் என்ற இலக்கோடு ஒப்பந்தம் ஆனது. கட்டி முடிந்தவை அதன் அருகில்கூட வரவில்லை. நாட்டிங்ஹாமில் 2017இல் தொடங்கிய முன்னோட்டமும் தரத்தில் வென்றது, விலையில் திணறியது. என் கணிப்பில், எப்படியும் கூரையோ பால்கனியோ ஜன்னல்களோ மாற்றியாக வேண்டிய கட்டடத்துக்கு, சாரம் கட்டப்போகும் அதே ஆண்டில் மட்டுமே ஆழ்ந்த சீரமைப்பு கட்டுப்படியாகும். சாரத்துக்கு இரண்டு முறை பணம் கொடுப்பதைப் போல வீணான செலவு இந்தத் துறையில் வேறில்லை.

எல்லா வழிகளுக்கும் குறுக்கே நிற்பது உரிமைச் சிக்கல். 1980இன் சட்டத்துக்குப் பிறகு வாடகைதாரர்கள் தங்கள் கவுன்சில் வீட்டை வாங்கிக்கொண்டதால், ஒட்டியுள்ள இரட்டை வீட்டில் ஒன்று கவுன்சிலுடையது, மற்றது தனியாருடையது என்பது சாதாரணம். தனியார் பங்குப் பணம் தர மறுத்தால் வெளிச்சுவர்க் காப்பு நடுச்சுவரோடு செங்குத்தாக நின்றுவிடும்; அந்தக் கோட்டில் இரண்டு வீட்டுக்குமே குளிர் ஊடுருவும். அத்தகைய வீடுகளில் வெளிச்சுவரை விட்டுவிட்டு, பரணும் காற்றோட்டமும் பம்பும் என்று போவதே சரி. எரிசக்திச் சான்றிதழை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் வேறொரு பள்ளத்தில் விழுகிறார்கள். 2030க்குள் 'சி' தரம் என்பது அரசின் இலக்கு. அந்தத் தரம் இதுவரை எரிபொருள் செலவை வைத்தே கணக்கிடப்பட்டதால், பாய்லரைத் தொடாமல் கூரையில் சூரியத் தகடு வைத்தே 'சி' வாங்கிவிடலாம். அடுத்த பத்தாண்டில் அதே வீட்டுக்கு மீண்டும் வேலையாட்கள் வருவார்கள்.

ஆகவே நான் வகுக்கும் வரிசை இது: முதலில் பரண், இரட்டைச் சுவர், விசிறி, அதே பருவத்தில் காற்றுப் பம்பு, உயர்மாடியானால் மண் வளையம்; வெளிச்சுவர்க் காப்பு, சாரம் வேறு காரணத்துக்காக ஏறும்போது மட்டும். பாய்லர் இன்னும் ஐந்தாண்டு ஓடும் நிலையில் இருந்தால் அதைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். அதற்குள் சுவரையும் ரேடியேட்டரையும் தயாராக்கலாம். ஒப்பந்தத் தொகையில் ஒரு பகுதியை முதல் குளிர்காலம் முடிந்து மீட்டர் கணக்கைப் பார்க்கும்வரை நிறுத்திவைக்க வேண்டும். நிறுவிய மறுநாளே போய்விடும் ஒப்பந்தக்காரருக்கு, பம்பின் அமைப்பைத் திருத்த ஜனவரியில் திரும்பி வர வேறு எந்தத் தூண்டுதலும் இல்லை.

கருத்துக்கேட்புக் கடிதம் வரும் குடும்பங்கள் கூட்டத்தில் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டியவை மூன்று. மிச்சமாகும் என்று சொல்லும் தொகை எந்த யூனிட் விலையில் கணக்கிடப்பட்டது என்பது ஒன்று. முன்பண மீட்டர் தொடருமா என்பது மற்றொன்று. கடுங்குளிர் நாளில் ரேடியேட்டருக்குப் போகும் நீர் எத்தனை டிகிரி என்பது மூன்றாவது. 45 என்றால் வடிவமைப்பாளர் வேலையைச் செய்திருக்கிறார். 55 அல்லது அதற்கு மேல் என்று பதில் வந்தால், எந்த அறையின் ரேடியேட்டர் போதவில்லை, அதை ஏன் மாற்றவில்லை என்று அங்கேயே கேட்டுவிடலாம்.